வாசலுக்கு எதிரே ஒரு குளம்



கடந்த திங்கள் இப்பக்கத்திற்கு வந்த மடல்களுள் ஒன்றை நாம் மும்முறை படித்தோம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் சகோதரி எழுதியது அது. வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளைகள். கணவர் சபுரில் இருக்கிறார். பள்ளிப் பருவத்தில் ஓவியத்திற்குப் பரிசுகள் பெற்றவராம். மணமான பின் அந்த ஓவியச் சுவடிகள் பரணுக்குப் போயின. இப்போது பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டனர். பிற்பகலில் சிறிது நேரம் கிடைக்கிறது. மீண்டும் வரையலாமா என்று கை துடிக்கிறது. ஆனால் இரண்டு தயக்கங்கள்.

"இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அது போகட்டும். வரைவதற்குத்தான் எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? மணலும், உடைமரமும், மழைக்காலத்தில் நிரம்பும் கழியும் அன்றி வேறொன்றும் இல்லை" என்று முடித்திருந்தார்.

சிரிப்பவர்களுக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது வினாதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. மணலையும், காற்றில் சாய்ந்த மரத்தையும், கழியையும் மட்டுமே கண்முன் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்துவிட முடியும்? இவ்வினாவிற்கு நம் விளக்கத்தை விட ஒரு வாழ்க்கையே நல்ல விடையாக இருக்கும் என்று தோன்றியது. ஆகவே இத்திங்கள், அமெரிக்க நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேரி நிம்மோ மோரன் என்னும் பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம்.

ஒரு கோடைக்காலத்தில்

மேரி நிம்மோ 1842ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரேவன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, தந்தையுடன் கடல் கடந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை அடைந்தார். அங்கேதான் அண்டையில் வாழ்ந்த தாமஸ் மோரன் என்னும் இளம் ஓவியரைச் சந்தித்தார். தாமஸும் குடிபெயர்ந்து வந்தவரே. இங்கிலாந்தின் போல்ட்டன் நகரத்துக் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகன். 1860களின் தொடக்கத்தில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கணவரிடமிருந்தே மேரி வண்ண ஓவியம் கற்றார். ஒரு மகன், இரண்டு பெண்மக்கள் என்று குடும்பம் வளர்ந்தது. இடையிடையே மேரி தீட்டிய இயற்கைக் காட்சி ஓவியங்கள் சில பொதுக் காட்சிகளிலும் இடம்பெற்றன. ஆயினும் அக்காலத்தில் உலகம் அவரை அறிந்தது புகழ் பெற்ற ஓவியரின் மனைவி என்ற முறையில்தான்.

1879ஆம் ஆண்டின் கோடை வந்தது. தாமஸ் மோரன் நாட்டின் மேற்குத் திசையில் உள்ள மலைகளை வரைவதற்காக நெடும்பயணம் புறப்பட்டார். கணவர் பயணம் போன வீட்டின் அமைதி எப்படியிருக்கும் என்று நம் சகோதரிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புறப்படுமுன் அவர், மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகடுகள் சிலவற்றை மனைவியிடம் கொடுத்து, "நீயும் முயன்று பார்" என்னும் பொருள்படக் கூறிச் சென்றார். மேரிக்கு அப்போது வயது முப்பத்தேழு. அதற்குமுன் அவர் ஒருமுறையேனும் தகட்டில் ஊசி பிடித்தவர் அல்லர்.

பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்னும் ஊரில் பிள்ளைகளுடன் தங்கியிருந்த மேரி, அத்தகடுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். புஷ்கில் என்னும் ஓடையின் மேலிருந்த பாலத்தை நேரே பார்த்துத் தகட்டின் மேல் வரைந்தார். அந்தக் கோடையில் தொடங்கிய பணி பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்து, ஏறத்தாழ எழுபது தகடுகளாக நிறைந்தது.

தகடும் திராவகமும்

இக்கலையை ஓவியர்கள் 'எட்சிங்' என்பர். தமிழில் செப்புத்தகட்டு அச்சோவியம் என்று சொல்லலாம். இது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைச் சிறிது விளக்கினால்தான் மேரியின் திறம் விளங்கும்.

சீருக்கு வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் கடைக்காரர் பெயர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கருவியே உலோகத்தைக் கீறுகிறது. கையின் வலிமையே கோடாகிறது. அச்சோவியத்திலோ உலோகத்தை அரிப்பது கை அன்று, திராவகம். நன்கு தேய்த்து மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகு, குங்கிலியம் போன்ற பிசின், நிலக்கீல் ஆகியவற்றைக் கலந்து மெல்லிய பூச்சிடுவர். அப்பூச்சை மெழுகுதிரிப் புகையில் காட்டிக் கருக்குவர். பின்னர் கூரிய ஊசியால் அந்தக் கரும்பூச்சின் மேல் வரைவர். ஊசி உலோகத்தைக் கீற வேண்டியதில்லை. பூச்சை மட்டும் விலக்கினால் போதும். ஆகவே ஊசி, தாளின் மேல் எழுதுகோல் ஓடுவதுபோல் தடையின்றி ஓடும். ஊசி சென்ற இடமெல்லாம் செம்பு செவ்வொளியாய்த் தெரியும்.

வரைந்து முடித்தபின் தகட்டைத் திராவகத்தில் இடுவர். பூச்சு இருக்கும் இடத்தைத் திராவகம் தீண்டாது. ஊசி திறந்துவிட்ட கோடுகளை மட்டும் அரிக்கும். கோடுகளில் எழும் குமிழிகளை ஒரு பறவை இறகால் மெல்ல நீக்கிக்கொண்டே இருப்பர். தொலைவில் உள்ள வானத்தின் மெல்லிய கோடுகளுக்குச் சில நிமிடங்களே போதும். உடனே தகட்டை வெளியே எடுத்து, அக்கோடுகளை மட்டும் மெருகெண்ணெய் போன்ற ஒன்றால் மூடிவிடுவர். பிறகு மறுபடியும் திராவகம். அருகில் நிற்கும் மரத்தின் கோடுகள் இன்னும் ஆழமாகும். அவற்றையும் மூடி மீண்டும் இட்டால், முன்னே கிடக்கும் நாணலும் நிழலும் கரிய ஆழம் பெறும். ஒரே ஊசியால் வரைந்த கோடுகள், திராவகத்தில் கிடந்த நேரத்தைப் பொறுத்து மெல்லியவையாகவும் தடித்தவையாகவும் மாறுகின்றன. சற்றே கவனம் பிசகினால் தகடு பாழ். அடுப்பில் வைத்ததை மறவாது நேரம் பார்த்து இறக்கும் கைகளுக்கு இது புரியாத வித்தை அன்று!

இறுதியில் பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துணியாலும் உள்ளங்கையாலும் துடைப்பர். கோடுகளின் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் பரப்பி, கனத்த கம்பளியை மூடி, இரும்பு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால், பள்ளத்தில் உள்ள மையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தாளில் தகட்டின் விளிம்பும் அழுந்திப் பதியும். இவ்வாறு ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். பெருஞ்செல்வர் மாளிகைக்கு மட்டுமே வாய்த்த ஓவியம், நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துச் சுவருக்கும் வந்தது இத்தகைய கலைகளால்தான்.

இன்னொரு செய்தி. தகட்டில் வலப்புறம் வரைந்தது தாளில் இடப்புறமாக விழும். பல ஓவியர்கள் அறையில் அமர்ந்து, முன்பே தீட்டிய படத்தைத் திருப்பிப் பார்த்துத் தகட்டில் ஏற்றுவர். மேரியோ பெரும்பாலும் தகட்டையே வெளியே எடுத்துச் சென்று, கண்ணால் கண்டதைக் கண்ட இடத்திலேயே வரைந்தார். இடம் வலமானால் ஆகட்டும். காற்றும் ஒளியும் உயிரோடு பதிந்தால் போதும் என்பதே அவருடைய போக்கு. அதனால்தான் அவருடைய கோடுகளில் தயக்கம் இல்லை. குறுகிய, அழுத்தமான, விரைந்து செல்லும் கோடுகள் அவை. வரைந்த பிறகும் பல்லுருளை போன்ற கருவிகளாலும், மணல்தாளாலும், மையைத் துடைக்கும் முறையாலும் மாலை நேரத்து மங்கலைத் தகட்டில் கொண்டுவர அவர் அறிந்திருந்தார்.

மலையும் குளமும்

சகோதரிகளே! இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள்.

தாமஸ் மோரன் வரைந்தவை மாபெரும் காட்சிகள். 1871ஆம் ஆண்டு அவர் எல்லோஸ்டோன் என்னும் மலைநாட்டிற்கு ஆய்வுக் குழுவினருடன் சென்றார். அங்கே அவர் தீட்டிய படங்கள், மறு ஆண்டு அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்குத் துணை செய்தன. எல்லோஸ்டோனின் பெரும்பள்ளத்தாக்கை அவர் ஏழடி உயரமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட திரையில் தீட்டினார். அதனை அமெரிக்கக் காங்கிரஸ் 1872இல் 10,000 டாலருக்கு வாங்கியது. ஒரு மலைக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. நாடே வியந்து பேசிய ஓவியர் அவர்.

அவருடைய மனைவி எதை வரைந்தார்? ஒரு பாலத்தை, ஒரு சதுப்பு வெளியை, ஒரு பழைய வீட்டை, ஒரு குளத்தை. எவ்வளவு பெரிதாக? அவருடைய புகழ் பெற்ற படமே ஏறத்தாழ ஒரு சாண் அகலம்தான்!

கணவரோடு போட்டியிட அவர் முனையவில்லை. கணவர் வரைந்ததைச் சிறிதாக்கிப் படியெடுக்கவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவில், நடந்து சென்று திரும்பும் எல்லைக்குள் இருந்தவற்றையே அவர் தேர்ந்தார். அவ்வெல்லைக்குள் அவருக்குப் பொருள் தீர்ந்துபோகவே இல்லை.

கிழக்கு ஹாம்ப்டன் கடலோரம்

நியூயார்க் நகரிலிருந்து கிழக்கு நோக்கி அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடப்பது லாங் ஐலண்ட் என்னும் தீவு. அதன் கிழக்குக் கோடியை நெருங்கினால், நகரிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில், கிழக்கு ஹாம்ப்டன் என்னும் ஊர். 1648ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயக் குடியேறிகள் அமைத்த பழைய ஊர் அது. 1870களின் இறுதியில் மோரன் குடும்பத்தினர் அங்கே முதன்முதலாகச் சென்றனர். 1884இல் ஊரின் முதன்மைத் தெருவில் சொந்தமாக வீடும் ஓவியக்கூடமும் கட்டிக்கொண்டனர். அவ்வீட்டு வாசலுக்கு எதிரே இருந்தது ஊர்க்குளம். வாத்துக்குளம் என்று அதற்குப் பெயர்.

அந்த ஊரில் அப்போது என்ன இருந்தது? மலை இல்லை. அருவி இல்லை. தாழ்ந்த மணல்மேடுகள், கடற்காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்கள், சிலகை வேய்ந்த பழைய மர வீடுகள், மாவரைக்கும் காற்றாலைகள், நாணல் அடர்ந்த நீர்நிலைகள். ஊருக்கு மேற்கே ஜார்ஜிகா என்னும் நீர்நிலை இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் இடையே ஒரு மணல்திட்டுத்தான் தடை. ஆண்டுதோறும் குறித்த பருவங்களில் ஊரார் அத்திட்டை வெட்டி, நீரைக் கடலோடு கலக்க விடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். நம் தமிழ் இத்தகைய நீர்நிலையைக் காயல் என்று அழைக்கும். நம் வாசகியர் பலருக்கு அது ஊர்ப் பெயராகவே பழகிய சொல் அல்லவா!

மணலும், சாய்ந்த மரமும், காயலும்! மடல் எழுதிய சகோதரி தம் ஊரில் வரையத் தகுதியற்றவை என்று கருதிய அதே மூன்றும்தான்.

இவற்றைக் கொண்டே மேரி தம் சிறந்த படங்களைப் படைத்தார். 1880இல் கிழக்கு ஹாம்ப்டனின் அந்திப்பொழுது, 1881இல் வாத்துக்குளம், பிறகு நீர் எலிகள் நடமாடும் சதுப்பு, ஜார்ஜிகாவிலிருந்து கடலை நோக்கிய காட்சி. 1883இல் செய்த ஒரு படத்திற்கு, அந்தியையும் இருளையும் குறிக்கும் ஸ்காட்லாந்து வழக்குச் சொற்களையே தலைப்பாக்கினார். ஐந்து வயதளவில் விட்டுப் பிரிந்த மண்ணின் சொற்கள், நாற்பது வயதில் வேறொரு கடற்கரையின் மாலைப்பொழுதைப் பார்த்தபோது அவருக்குத் துணை வந்தன. 1887இல் தெற்கே ஃப்ளோரிடாக் கடற்கரையையும் அவர் தகட்டில் பதித்தார்.

கடலோரத்தை வரைவது எளிதன்று. மலைநாட்டில் கண் நிற்பதற்கு உச்சிகள் உண்டு. கடலோரத்திலோ எங்கும் தட்டையான நிலம். மேலே பரந்த வானம். கண் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மேரி என்ன செய்தார்? வானத்திற்கும் நீருக்கும் தாளின் வெண்மையையே பெரும்பாலும் விட்டுவைத்தார். தம் ஆழமான கரிய கோடுகளை எல்லாம் கரையின் நாணலுக்கும், மரத்தின் அடிப்பகுதிக்கும், அதன் நிழலுக்கும் கொடுத்தார். கரை கருத்ததனால், கோடே இல்லாத இடம் நீராக ஒளிர்ந்தது. சாய்ந்த மரக்கிளைகளைக் கண்டதும், வரையப்படாத காற்றைக் காண்போர் உணர்ந்தனர். ஒன்றை வரையாமல் விடுவதும் வரைவதன் பகுதியே என்பதை அவருடைய சிறு தகடுகள் கற்பிக்கின்றன.

முதலெழுத்துக்குப் பின்னே

1877இல் நியூயார்க் அச்சோவியக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. தம் முதல் தகடுகளில் நான்கின் படிகளை மேரி அக்கழகத்திற்கு அனுப்பினார். 1880இல் அவர் அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கற்கத் தொடங்கி ஓராண்டுகூட முழுமையாக ஆகவில்லை!

அடுத்து இலண்டன். அங்கே சர் பிரான்சிஸ் சீமோர் ஹேடன் என்பவர் 1880இல் அச்சோவியர் சங்கம் ஒன்றை நிறுவினார்; பிற்காலத்தில் அரசரவைச் சிறப்புப் பெற்ற சங்கம் அது. 1881இல் அதன் முதற் காட்சிக்குச் சென்ற அமெரிக்கப் படங்களுள் மேரியின் படங்களும் இருந்தன. 'வாத்துக்குளம்' நடுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. சங்கத்தின் தொடக்க உறுப்பினர் அறுபத்தைந்து பேருள் மேரியும் ஒருவரானார். அறுபத்தைந்து பேரில் அவர் ஒருவரே பெண்.

மேரி தம் தகடுகளில் முழுப்பெயரை எழுதுவதில்லை. 'எம். நிம்மோ' என்றோ, 'எம். நிம்மோ மோரன்' என்றோதான் இருக்கும். அதனால், உறுப்பினராகத் தேர்ந்தவர்கள் அவரை ஓர் ஆண் என்றே எண்ணியிருந்தனர் என்று சொல்லப்படுகிறது. திறனாய்வாளர்களும் அவருடைய கோடுகளின் உறுதியைப் புகழ்ந்தபோது, ஆண்மை மிக்க கோடு என்றே புகழ்ந்தனர். பாராட்டுத்தான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பாராட்டின் உள்ளே ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது பாருங்கள்: இவ்வளவு உறுதியான கோடு ஒரு பெண்ணுடைய கையிலிருந்து வந்திருக்க முடியாது என்ற வியப்பு! முதலெழுத்துக்குப் பின்னே இருப்பவர் யார் என்று தெரியாமல் தகட்டை மட்டும் பார்த்தபோது கிடைத்த தீர்ப்பு நேர்மையாக இருந்தது. யார் என்று தெரிந்தபின் சொன்ன புகழ்ச்சியிலேதான் தடுமாற்றம் இருந்தது. இதனை நம் வீடுகளுக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

காலம் மெல்ல மாறியது. 1887இல் பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில், பெண்கள் படைத்த அச்சோவியங்களுக்கென்றே தனிக் காட்சி ஒன்று நடந்தது. அமெரிக்காவில் அத்தகைய முதற் காட்சி அதுவே. மறு ஆண்டு நியூயார்க்கிலும் அது நிகழ்ந்தது. அங்கெல்லாம் மேரியின் படங்களே பெரும் எண்ணிக்கையில் முன்னின்றன. 1889இல் நியூயார்க்கின் கிளாக்னர் பதிப்பகம், தாமஸ் மோரன், எம். நிம்மோ மோரன் ஆகிய இருவரின் அச்சோவியங்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் நூலை வெளியிட்டது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

ஒரு தாயின் முடிவு

1899ஆம் ஆண்டு. இளைய மகள் ரூத் நச்சுக்காய்ச்சலால் படுத்தாள். டைஃபாய்டு என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் அக்காய்ச்சலுக்கு அந்நாளில் மருந்து இல்லை. இரவு பகல் பாராது உடனிருந்து பார்த்துக்கொள்வதுதான் மருந்து. மேரி மகளின் படுக்கையருகே இருந்தார். மகள் பிழைத்தாள். காய்ச்சல் தாயைப் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் திங்களில், ஐம்பத்தேழாம் வயதில், மேரி நிம்மோ மோரன் உயிர் நீத்தார்.

அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் எது தெரியுமா? அந்த வாத்துக்குளத்தை அடுத்த மயானம். வீட்டு வாசலில் நின்றால் தெரியும் இடம். அவர் எந்தக் கரையைச் செம்பில் பதித்து உலகுக்கு அனுப்பினாரோ, அக்கரையின் மண்ணிலேயே துயில்கிறார்.

அதன் பின் அவர் பெயர் மெல்ல மங்கியது. அச்சோவியங்களின் மீதிருந்த மக்களின் மோகம் குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், கணவரின் பெரும்புகழ். 1926இல் மறைந்த தாமஸ் மோரனைப் பற்றி நூல்கள் வந்தன; அவற்றில் மேரி ஒரு பத்தியாகச் சுருங்கினார். கிழக்கு ஹாம்ப்டன் வீடு நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் அதற்குத் தாமஸ் மோரன் இல்லம் என்றே பெயர். ஆயினும் தாயின் உழைப்பு வீண்போகவில்லை. எந்த மகளுக்காக அவர் கண்விழித்தாரோ, அந்த ரூத்தே பெற்றோர் இருவரின் தாள்களையும் படைப்புகளையும் பல்லாண்டுகள் காத்து, பொது நிறுவனங்களுக்குச் சேர வழி செய்தார். இன்று ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரின் கில்கிரீஸ் அருங்காட்சியகத்தில் மேரியின் படங்கள் பெருந்தொகையாக உள்ளன. அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அவ்வீடு, இப்போது தாமஸ் மற்றும் மேரி நிம்மோ மோரன் ஓவியக்கூடம் என்று வழங்கப்படுகிறது. வாசற்பலகையில் பெயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று!

மடலுக்கு மறுமொழி

இனி, மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு சொல்.

எதையும் மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. மேரிக்கு வாய்த்த வசதிகள் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அவருடைய கணவர் ஓவியர். தகடும் கருவியும் வீட்டிலேயே இருந்தன. தட்டிக்கொடுக்க ஒரு நாவும் இருந்தது. முப்பத்தேழாம் வயதில் அவர் புதிதாகக் கற்றது செப்புத் தகட்டு வேலையைத்தான். வரையும் பழக்கம் அதற்கு முன்னரே அவருக்கு இருந்தது. ஆனால் சகோதரி, அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருந்ததே! பரணில் கிடக்கும் சுவடிகள் அதற்குச் சான்று அல்லவா?

செப்புத் தகட்டையும் திராவகத்தையும் தேடிப் போக வேண்டாம். திராவகம் பயிற்சியும் காற்றோட்டமும் பாதுகாப்பும் இன்றிக் கையாளத் தக்கது அன்று. பிள்ளைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு பென்சில் போதும். மைக்கூர்ப் பேனா ஒன்று இருந்தால் இன்னும் நன்று. வண்ணம் வேண்டா. அஞ்சலட்டை அளவில் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய தாள் அச்சுறுத்தும். சிறிய தாள் பிற்பகல் தொழுகைக்கும் மாலைத் தேநீருக்கும் இடையில் முடிந்துவிடும்.

உங்கள் வாசலிலிருந்தோ மாடியிலிருந்தோ தெரியும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த உடைமரமே இருக்கட்டும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? ஏன் அப்படிச் சாய்ந்தது? எத்தனை ஆண்டுக் காற்று அதை வளைத்தது? அதன் நிழல் காலையில் எங்கே விழுகிறது, மாலையில் எங்கே விழுகிறது? இவற்றைப் பார்த்து வரையுங்கள். மறுவாரமும் அதே மரத்தை வரையுங்கள். கழியில் நீர் ஏறும்போது ஒன்று, வற்றி உப்புப் பூக்கும்போது ஒன்று. ஓராண்டில் ஐம்பது தாள்கள் சேரும். முதல் தாளையும் ஐம்பதாம் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அப்போது, எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கே மனம் வராது.

வீட்டில் சிரிப்பவர்களைப் பற்றி வருந்தாதீர்கள். அவர்கள் இன்னும் ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லையே! ஐம்பது தாள்களைப் பார்த்த பின்னும் சிரிக்கிறார்களா என்று பார்ப்போம். ஒன்று மட்டும் மறவாதீர்கள். வரைந்த ஒவ்வொரு தாளின் கீழும் நாளைக் குறித்து, உங்கள் பெயரை எழுதுங்கள். முதலெழுத்தை மட்டும் அன்று, முழுப்பெயரையும் எழுதுங்கள். பிற்காலத்தில் உங்கள் மகளோ பேத்தியோ அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது, இது யார் வரைந்தது என்று தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

ஏனைய சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெண்கள் எவரேனும் பரணில் போட்டுவைத்த ஒன்று உண்டா? ஓவியச் சுவடியா, பின்னல் ஊசியா, பாதியில் நிறுத்திய பாடமா? இந்த வாரம் அதைத் தூசி தட்டிக் கையில் கொடுங்கள். 1879இல் ஒருவர் சில தகடுகளைக் கொடுத்துவிட்டுப் பயணம் போனார். அவர் செய்தது அவ்வளவே. எஞ்சியதை எல்லாம் அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டார்.

உங்கள் வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று எமக்கு எழுதுங்கள். மறுதிங்கள் சந்திப்போம்.